பழுப்பு ஒயர்

பழுப்பு ஒயரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு விநாடி நிற்பேன். இந்த வேலைக்கு வந்து நாற்பது வருடம் ஆகப்போகிறது. அந்த ஒரு விநாடியை இன்னும் விட்டதில்லை. ஸ்டாண்டர்ட் ஹெரால்டிலோ பழைய அம்பாசடரிலோ பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேரே வரும் லைன். நடுவில் ஃபியூஸ்கூடக் கிடையாது. சாவியைக் கழற்றி வீட்டு ஆணியில் மாட்டிவிட்டாலும் அதில் 12 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். அதே பழுப்பு ஒயர் ஒரு பென்ஸிலோ பி.எம்.டபிள்யூவிலோ இருந்தால் அது எர்த். கறுப்பும் அப்படித்தான் தலைகீழ். இங்கிலாந்து வழி வந்த வண்டியில் கறுப்பு எர்த். ஜெர்மன் வண்டியில் சாவி போட்டதும் கரன்ட் வரும் லைன் பெரும்பாலும் கறுப்பில்தான் வரும்.

பழைய வண்டியில் ஒயரைத் தேடிப் போகிறவன் பானெட்டைத் திறந்ததும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்த வண்டி எந்த ஊர்ப் பாஷை பேசுகிறது என்பதைத்தான்.

நான் 1986-இல் ராயப்பேட்டையில் ஒரு ஷெட்டில் சேர்ந்தேன். பத்தாவது முடித்த கையோடு வந்தவன். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளுக்கு நடந்தே போய்விடலாம், பழைய வண்டிகளை உடைத்து விற்கும் புதுப்பேட்டைக்குச் சைக்கிளில் போக வேண்டும். மேஸ்திரிதான் முதலாளி, அவர்தான் எலக்ட்ரீஷியன். அவரை நாங்கள் எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். சென்னையில் அவர் தலைமுறை எலக்ட்ரீஷியன்கள் எல்லோருமே லூக்காஸ் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான். பாடியில் லூக்காஸ் டி.வி.எஸ் 1961-இல் வந்தது. வண்டலூரில் ஸ்டாண்டர்ட் கம்பெனி ஹெரால்ட் செய்தது. அம்பாசடருக்கு மூலம் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே இங்கிலாந்து நிறங்கள்தான். வெள்ளை என்றால் சாவி போட்டால் வரும் லைன், ஃபியூஸ் இல்லாதது. பச்சை என்றால் அதே லைன் ஃபியூஸைத் தாண்டி வந்தது. பச்சையில் நீலக் கோடு போட்டது எஞ்சின் ஹீட் முள்ளுக்கு. பச்சையில் கறுப்புக் கோடு பெட்ரோல் டேங்க் யூனிட்டுக்கு. வெள்ளையில் பழுப்புக் கோடு ஆயில் பிரஷர் விளக்குக்கு. இதையெல்லாம் வாய்ப்பாடு மாதிரி காலையில் ஷெட்டைக் கூட்டும்போதே அண்ணே ஒப்பிக்கச் சொல்வார்.

நான் தொழில் படித்தது ஹெரால்டில். அந்த வண்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் பானெட் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். எஞ்சின், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் எல்லாமே வெட்டவெளியில் நிற்கும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். ஒயர் எங்கே கிளம்புகிறது, எதன் அடியில் நுழைகிறது, எங்கே உரசுகிறது எல்லாம் கண்முன்னால் இருக்கும். கற்றுக்கொள்கிறவனுக்கு அதைவிட நல்ல வண்டி அமையாது.

அண்ணேயிடம் மீட்டர் கிடையாது. ரெண்டு டார்ச் செல், ஒரு சின்ன பல்பு, ரெண்டு கிளிப். இவற்றை ஒரு மரச்சட்டத்தில் கட்டிவைத்திருப்பார். ஒயரின் இந்த முனையில் ஒரு கிளிப், அந்த முனையில் ஒரு கிளிப். பல்பு எரிந்தால் ஒயர் முழுசாக இருக்கிறது. எரியவில்லையென்றால் நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது. ஆனால் அதைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே அவர் விரல் ஒயர்மேல் ஓடிவிடும். "கண்ணாலே பாக்காதடா தம்பி, தொட்டுப் பாரு. ஒயர் போற வழியிலே உன் கை போகணும்" என்பார். விரலுக்கு நடுவில் ஒயரை விட்டு மெல்ல இழுத்துக்கொண்டே போவார். உள்ளே செம்பு அறுந்த இடத்தில் ஒயர் தொளதொளவென்று மடங்கும். சூடு பட்ட இடத்தில் விறைத்திருக்கும். எண்ணெய் ஊறிய இடம் கொழகொழக்கும். இதெல்லாம் விரலுக்குத் தெரிகிற அளவுக்குக் கண்ணுக்குத் தெரியாது.

ஒருநாள் ஒரு ஹெரால்ட் வந்தது. எஞ்சின் ஹீட் ஆகிறது என்று புகார். ஓட்டிவந்தவர் ரேடியேட்டரையே மாற்றிவிட்டார். முள் இன்னும் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது. அண்ணே டாஷ்போர்டைப் பார்த்தார், டேங்க்கில் பெட்ரோல் எவ்வளவு என்று கேட்டார். பத்து லிட்டர் இருக்கும் என்றார் வந்தவர். முள் முக்கால் டேங்க் காட்டியது. அண்ணே எங்களைப் பார்த்து, "ரெண்டு முள்ளும் சேர்ந்து தப்பு சொன்னா, ரெண்டுக்கும் பொதுவா என்ன இருக்குன்னு பாரு" என்றார். ரெண்டுக்கும் பொதுவாக டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சின்னத் தகரப் பெட்டி இருக்கிறது, வோல்டேஜ் ஸ்டெபிலைசர். பேட்டரியின் 12 வோல்ட், டைனமோ ஓடும்போது 14 வரை ஏறி இறங்கும். முள் அதோடு சேர்ந்து ஆடாமல் இருக்க இந்தப் பெட்டி சராசரியாக 10 வோல்ட்டாக்கிக் கொடுக்கும். அது வேலை செய்ய அதற்கு எர்த் வேண்டும். எர்த் விட்டுப்போனால் முழு வோல்டேஜும் மீட்டருக்குப் போய்விடும், ரெண்டு முள்ளும் ஒன்றாக ஏறிவிடும். அண்ணே அந்தப் பெட்டியைப் பிடித்திருந்த ஒரு ஸ்குருவைக் கழற்றி, துருவைச் சுரண்டி, மறுபடி முடுக்கினார். அவ்வளவுதான் வேலை. எஞ்சின் ஒருநாளும் ஹீட் ஆகவேயில்லை.

ஹீட் முள் மட்டும் தப்பு என்றால் வேறு வழி. எஞ்சின் தலையில் இருக்கும் சென்சாரிலிருந்து பச்சை-நீல ஒயரைக் கழற்றி, ஒரு கணம் எஞ்சினில் தொட வேண்டும். முள் மெல்ல ஏறினால் ஒயரும் மீட்டரும் நன்றாக இருக்கின்றன, சென்சாரைப் பார்க்க வேண்டும். அசையவே இல்லையென்றால் சென்சார்மேல் பழியில்லை, ஒயரைத் தேட வேண்டும். முள் கிளம்பியது தெரிந்ததும் கையை எடுத்துவிட வேண்டும், பிடித்துக்கொண்டே இருந்தால் மீட்டர் கெட்டுப்போகும். இன்னொன்று, இந்த ஒற்றை ஒயர் சென்சாருக்கு எர்த் அதன் மரை வழியாகத்தான் கிடைக்கிறது. தண்ணீர் கசியக் கூடாதென்று மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றி முடுக்கினால், கசிவு நிற்கும், முள்ளும் நின்றுவிடும். புது சென்சார் வேலை செய்யவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பழுப்பு ஒயர் விஷயத்துக்கு வருகிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம். ஒரு பழைய பென்ஸ் டீசல் கார் வந்தது, ஸ்டீரியோ மாட்ட வேண்டும். அண்ணே வேறு வண்டியில் குனிந்திருந்தார். டாஷ்போர்டுக்கு அடியில் நான் படுத்திருந்தேன். பழுப்பு இருந்தது, கறுப்பு இருந்தது. வாய்ப்பாடு மனப்பாடம். பழுப்பில் ஸ்டீரியோவின் லைனையும் கறுப்பில் எர்த்தையும் முறுக்கிவிட்டு, சாவிக்குக் கை நீட்டினேன். என் மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள். அண்ணே. திட்டவில்லை. சாவியைத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, டார்ச் செல் சட்டத்தை என் கையில் கொடுத்தார். ஒரு கிளிப்பைப் பழுப்பில், இன்னொன்றைப் பாடியில் வைக்கச் சொன்னார். பல்பு எரிந்தது. பழுப்பு, எர்த். நான் முறுக்கியிருந்தபடி சாவி போட்டிருந்தால் அந்த செட்டுக்குள் கரன்ட் தலைகீழாகப் பாய்ந்திருக்கும். அன்றைக்கு அந்த செட்டின் விலை என் ஒரு வருடச் சம்பளத்துக்கும் மேல்.

ஜெர்மன்காரர்கள் நிறத்தோடு நம்பரும் வைத்திருக்கிறார்கள் என்று அன்று மாலை சொல்லிக்கொடுத்தார். 30 என்றால் பேட்டரி நேர் லைன், அது சிவப்பு. 15 சாவி லைன். 31 எர்த். 50 ஸ்டார்ட்டருக்குப் போவது. 1 என்றால் இக்னிஷன் காயிலின் மைனஸ் பக்கம். ரிலேயின் அடியில் 85, 86, 87 என்று இன்றைக்கும் பல நாட்டு வண்டிகளில் எழுதியிருக்கிறதே, அதுவும் இந்தக் கணக்குதான். கம்பெனி மாறினாலும் நம்பர் மாறாது. அது புரிந்த பிறகு ஜெர்மன் வண்டி எனக்குப் பயமில்லாமல் போனது. நம்பரே அச்சடித்துக் கொடுத்திருக்கும்போது ஊகம் எதற்கு?

இதெல்லாம் 2019 பிப்ரவரியில் வந்த ஒரு வண்டிக்காகச் சொல்கிறேன். 1985 மாடல் பி.எம்.டபிள்யூ 318ஐ. வைத்திருந்தவர் ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர். வண்டியோடு ஒரு நீளமான கணக்கு நோட்டும் கொண்டுவந்தார். எத்தனை லிட்டர் போட்டார், எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எந்தத் தேதியில் என்ன பார்ட் மாற்றினார் எல்லாம் அவர் கையெழுத்தில். முன்பு லிட்டருக்குப் பத்து கொடுத்த வண்டி இரண்டு வருடமாக ஐந்தரைதான் கொடுக்கிறது. காலையில் ஒரு சாவியில் ஸ்டார்ட் ஆகும். எஞ்சின் சூடேறிய பிறகு சிக்னலில் நின்றால் திணறும், பின்னால் கறுப்புப் புகை. பிளக் நான்கு தடவை மாற்றியாகிவிட்டது. இன்ஜெக்டரைச் சுத்தம் பண்ணியாகிவிட்டது. டெம்பரேச்சர் சென்சார் மட்டும் இரண்டு தடவை வாங்கிப் போட்டிருந்தார்கள், வெளிநாட்டிலிருந்து வரவழைத்து.

"சார், இதுக்கு என்ன செலவு ஆகும்னு இப்ப சொல்ல முடியாது. ஆனா பார்ட் எதுவும் வாங்காதீங்க" என்றேன். அவர் நோட்டை மூடிவைத்து, "ஒரு வாரம் எடுத்துக்குங்க" என்றார்.

அந்த வண்டியில் கார்பரேட்டர் கிடையாது. போஷ் கம்பெனியின் எல்-ஜெட்ரானிக். எல் என்றால் ஜெர்மனில் லுஃப்ட், காற்று. 1973-இல் வந்த முறை. காற்று நுழையும் வழியில் ஒரு மடல் இருக்கும். எஞ்சின் இழுக்கும் காற்று அதைத் தள்ளுகிற அளவை வைத்து எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்று ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கணக்குப் போடும். அந்தக் கணக்கைத் திருத்துவது எஞ்சின் தண்ணீரில் மூழ்கியிருக்கும் டெம்பரேச்சர் சென்சார். எஞ்சின் ஆறியிருந்தால் பெட்ரோல் கூட வேண்டும், சூடேறினால் குறைய வேண்டும். பழைய வண்டியில் நாம் கையால் இழுத்த சோக்கை இங்கே இந்த சென்சார் இழுக்கிறது.

அது சூட்டைச் சொல்கிற விதம் நேர்மாறு. சூடு ஏற ஏற அதன் ரெசிஸ்டன்ஸ் குறையும். 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம். நம் ஊர் 30 டிகிரியில் 1,700 போல. 40-இல் 1,200. 80-இல் 320. இந்தக் கணக்கை நான் புத்தகத்தில் படித்தது மட்டுமில்லை. டீக்கடையிலிருந்து வெந்நீர் வாங்கிவந்து, தெர்மாமீட்டரையும் சென்சாரையும் ஒரே பாத்திரத்தில் விட்டு, தண்ணீர் ஆற ஆற எழுதிவைத்திருக்கிறேன். அந்தத் தாள் இன்னும் என் ஷெட் சுவரில் இருக்கிறது.

இங்கே பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. டாஷ்போர்டில் ஹீட் முள் சரியாக நடுவில் நிற்கிறது, ஆகவே சென்சார் சரி என்று விட்டுவிடுவார்கள். அந்த முள்ளுக்கு ஒரு சென்சார், கம்ப்யூட்டருக்கு வேறு சென்சார். ஒன்றுக்கு ஒற்றை ஒயர், மற்றதுக்கு இரட்டை ஒயர் கப்ளர். ஒன்று சரியென்பதால் மற்றது சரியென்று ஆகாது.

என் கூட இருக்கும் பையன் ஸ்கேனரைச் செருகும் சாக்கெட் எங்கே என்று தேடினான். இந்த வண்டியில் அது கிடையாது. இந்தக் கம்ப்யூட்டர் தன் தவறை ஞாபகம் வைத்துக்கொள்ளாது, விளக்கு போட்டும் காட்டாது. தனக்கு வந்து சேர்கிற ஓம் கணக்கை நம்பி பெட்ரோலைத் தெளிக்கும், அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். எனவே அதற்கு என்ன வந்து சேர்கிறது என்று நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

எஞ்சினை நன்றாகச் சூடேற்றி நிறுத்தினேன். சென்சாரின் கப்ளரைக் கழற்றி, சென்சார் முனைகளில் மீட்டர் வைத்தேன். 330 ஓம். சுவரில் இருக்கும் தாள் சொல்வதும் அதேதான். சென்சார் நன்றாக இருக்கிறது. இதற்கு முன் கழற்றி எறிந்த இரண்டும்கூட நன்றாகத்தான் இருந்திருக்கும்.

கப்ளரைத் திரும்ப மாட்டி, பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, குளோவ் பாக்ஸை இறக்கி கம்ப்யூட்டரின் பெரிய பிளக்கை உருவினேன். ஒயரிங் படத்தைப் பார்த்து, சென்சார் ஒயர் வந்து சேரும் முனைக்கும் எர்த் முனைக்கும் நடுவில் மீட்டர் வைத்தேன்.

2,340.

பையன் என் முகத்தைப் பார்த்தான். சுவரைப் பார் என்றேன். சுவர்த் தாளில் 2,300 ஓமுக்கு எதிரே 22 டிகிரி. எஞ்சின் 80 டிகிரியில் கொதித்துக்கொண்டிருக்கிறது. கம்ப்யூட்டர் மட்டும் அது இப்போதுதான் ஏதோ குளிரூர்க் காலையில் கண்விழித்திருக்கிறது என்று நம்பிக்கொண்டு பெட்ரோலை ஊற்றுகிறது. காலையில் ஏன் சுலபமாக ஸ்டார்ட் ஆகிறது என்பதற்கும் கணக்கு அதிலேயே இருந்தது. ஆறிய எஞ்சினில் 1,700-உடன் இந்த 2,000 சேர்ந்தால் 3,700, அது 10 டிகிரிக் கணக்கு. கொஞ்சம் அதிகமாகப் பெட்ரோல் கிடைத்தாலும் ஆறிய எஞ்சின் கோபித்துக்கொள்வதில்லை, சூடான எஞ்சின்தான் திணறும்.

330-க்கும் 2,340-க்கும் நடுவில் 2,000 ஓம் காணாமல் போய் உட்கார்ந்திருக்கும் இடம் ஒயர். இரண்டு ஒயரில் ஒன்று பழுப்பு. ஜெர்மன் வண்டி, எர்த். கப்ளரிலிருந்து அந்தப் பழுப்பை எஞ்சின் பிளாக்கோடு வைத்துப் பார்த்தேன், அரை ஓம்கூட இல்லை. அது யோக்கியம். மிச்சம் ஒன்றுதான். ஷெட்டில் இதற்கென்றே ஒரு நீள ஒயர் சுருட்டி வைத்திருக்கிறேன். அதை வைத்து மற்ற ஒயரை முனைக்கு முனை அளந்தேன். 2,000-க்குப் பக்கம். ஆனால் நம்பர் நிற்கவில்லை. 1,900, 2,100, 1,850 என்று அலைந்துகொண்டிருந்தது. அப்படி அலைந்தால் ஒயர் அறுந்துபோகவில்லை, எங்கோ அரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது பலர் செய்வது என்னவென்றால், கூர் முனை டெஸ்ட் லைட்டை எடுத்து ஒயரைச் சாணுக்கு ஒரு இடமாகக் குத்திப் பார்ப்பார்கள். நான் செய்யவே மாட்டேன். கம்ப்யூட்டர் இருக்கும் வண்டியில் டெஸ்ட் லைட்டே கூடாது. அந்த பல்பு இழுக்கும் கரன்ட்டைத் தாங்க சென்சார் ஒயரின் மறுமுனையில் இருப்பது ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை. டிஜிட்டல் மீட்டர் மட்டும்தான்.

எனவே அண்ணேயின் வழி. பையனை உள்ளே மீட்டரோடு உட்காரவைத்தேன். நான் எஞ்சின் பக்கம். கப்ளரிலிருந்து தொடங்கி, நான்கு விரல் அகலம் நகர்ந்து, ஒயர்க் கட்டான லூமை மெல்ல வளைத்து விடுவேன். "மாறுச்சாடா?" "இல்லண்ணே." நான்கு விரல். "இப்ப?" "இல்லண்ணே." இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் கை போகாது, ரெண்டு விரல்தான் போகும். அந்த இடத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஆனது. மேனிஃபோல்டைத் தாண்டி ஃபயர்வால் பக்கம் லூம் திரும்பும் முழங்கையில் வளைத்ததும் உள்ளேயிருந்து குரல் வந்தது. "அண்ணே, அறுநூறு! இல்ல, மூவாயிரம்! போயிடுச்சு!"

கையை அசைக்காமல் அங்கேயே பிடித்துக்கொண்டு சாக்பீஸால் குறி போட்டேன்.

அந்த இடத்தில் மட்டும் மேல் டேப் வேறாக இருந்தது. கம்பெனி சுற்றியது துணி டேப். இந்த ஒரு சாண் மட்டும் கடையில் வாங்கும் பி.வி.சி. டேப். சென்னை வெயிலும் எஞ்சின் சூடும் சேர்ந்தால் அந்த டேப்பின் பசை இளகிக் கோந்தாகிவிடும். பிரித்தபோது பாகு மாதிரி நூல் இழுத்தது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு ஒவ்வொரு ஒயராக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எல்லாமே முழுசாக இருந்தன. அறுந்தது இல்லை, உரிந்தது இல்லை. பூதக்கண்ணாடி எடுத்த பிறகுதான் தெரிந்தது. நமக்கு வேண்டிய ஒயரின் மேல்தோலில் ஒரு துளை. ஊசி குத்திய துளை. கொசுக்கடி அளவுகூட இல்லை.

பிளேடால் தோலை நீளவாக்கில் கீறித் திறந்தேன். உள்ளே செம்பு இல்லை. செம்பு இருந்த இடத்தில் பச்சைப் பொடி. களிம்பு. மெல்லிய இழைகளில் இரண்டோ மூன்றோ மட்டும் கறுத்து, ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கிடந்தன. அந்த இழைகள் வழியாகத்தான் இத்தனை நாளும் கம்ப்யூட்டருக்குச் செய்தி போய்க்கொண்டிருந்தது. என்றைக்கோ எவரோ கரன்ட் வருகிறதா என்று டெஸ்ட் லைட்டால் அங்கே குத்திப் பார்த்திருக்கிறார். வேறெதையோ தேடியிருப்பார். பார்த்துவிட்டு மேலே டேப்பைச் சுற்றிவிட்டுப் போய்விட்டார். டேப் இளகியது. மழையும் கடல்காற்றும் அந்தத் துளை வழியாக உள்ளே போய், செம்பு இழைகளுக்கு நடுவில் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஊறி ஏறின. அந்த வண்டியில் இரண்டு சென்சார், பதினாறு பிளக், அளவில்லாத பெட்ரோல் எல்லாவற்றையும் தின்றது அந்தத் துளை.

களிம்பு துளையோடு நிற்காது. இரு பக்கமும் வெட்டி வெட்டிப் பார்த்துக்கொண்டே போனேன், செம்பு பளிச்சென்று சிவப்பாகத் தெரிகிற வரைக்கும். மொத்தம் ஒன்றரைச் சாண் ஒயர் போய்விட்டது. அந்த இடத்துக்கு அதே தடிமனில், அதே நிறத்தில், அதே கோட்டோடு ஒயர் வேண்டும். கடையில் சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை கிடைக்கும். கோடு போட்டது கிடைக்காது. அதனால்தான் புதுப்பேட்டையில் உடைபடுகிற வண்டிகளின் ஒயரிங்கை எடைக்கு வாங்கிவந்து, நல்ல பாகத்தை மட்டும் நிறம் நிறமாகச் சுருட்டி டப்பாக்களில் போட்டு வைத்திருக்கிறேன். இருபது வருடச் சேமிப்பு. ஜெர்மன் டப்பாவில் அந்த ஒயர் இரண்டு முழம் இருந்தது.

ஒட்டுப் போடுவதில் எங்கள் தொழிலில் இரண்டு கட்சி உண்டு. ஈயம் வைத்தால்தான் உறுதி என்பார்கள் ஒரு சாரார். வீட்டு ரேடியோவுக்கு அது சரி. எஞ்சினில் அதிர்வு இருக்கிறது. உருகிய ஈயம் இழைகளுக்குள் ஊறி, ஒட்டுக்கு அந்தப் பக்கம் ஒயரைக் கம்பியாக்கிவிடும். அந்தக் கம்பி முடிகிற ஓரத்தில் ஆடி ஆடி ஒருநாள் முறியும். நான் சரியான அளவு செம்புக் குழலைப் போட்டு, அதற்கான கருவியால் நசுக்கி, உள்ளே பசை உள்ள சுருங்கு ஸ்லீவை அதன்மேல் ஏற்றிச் சூடுகாட்டுவேன். சூட்டில் ஸ்லீவ் சுருங்கும்போது ஓரத்தில் பசை பிதுங்கி வர வேண்டும். பிதுங்கினால்தான் தண்ணீர் போகாது. இரண்டு ஒட்டையும் ஒரே இடத்தில் வராமல் முன்பின்னாக வைத்தேன், லூம் அங்கே புடைக்காமல் இருக்க. மேலே துணி டேப்.

பிளக்கில் மறுபடி மீட்டர். 340.

ஸ்டார்ட் செய்தோம். புகை இல்லை. ஆனால் எஞ்சின் நடுங்கியது, பழையதைவிட மோசமாக. பையனுக்கு முகம் வாடிவிட்டது. எனக்கு அதில் ஆச்சரியமில்லை. இரண்டு வருடமாகப் பார்த்தவர்கள், பெட்ரோல் அதிகம் என்று கண்டு, காற்று மீட்டரில் இருக்கும் மிக்சர் ஸ்குருவைத் திருகித் திருகிக் குறைத்து வைத்திருக்கிறார்கள். ஒயர் பொய் சொன்னவரைக்கும் அது ஒருமாதிரி ஈடுகட்டிக்கொண்டிருந்தது. ஒயர் உண்மையைச் சொன்னதும் பெட்ரோல் போதாமல் போய்விட்டது. தெரிந்த ஒரு ஷெட்டில் புகை அளக்கும் மெஷினில் வைத்து அந்த ஸ்குருவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர இன்னும் அரை நாள்.

பேராசிரியர் வந்தபோது வெட்டியெடுத்த ஒன்றரைச் சாண் ஒயரைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்தத் துளையை வெகுநேரம் பார்த்தார். அடுத்த மாதம் போனில் பேசினார். லிட்டருக்கு ஒன்பதே முக்கால் என்றார். அந்த ஒயரைத் தன் கணக்கு நோட்டில் ஒட்டி, தேதி போட்டு வைத்திருப்பதாகவும் சொன்னார்.

எங்கள் தொழில்காரர்களிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கையில் அகப்பட்ட நிறத்தில் ஒயர் இழுத்து ஒட்டுப் போடுகிறார்கள். பச்சை-நீலமாகக் கிளம்பும் ஒயர் நடுவழியில் சிவப்பாக மாறிவிடுகிறது. அன்றைக்கு வண்டி ஓடும். பத்து வருடம் கழித்து அந்த லூமைத் திறக்கிறவனுக்கு அந்தச் சிவப்பு என்ன சொல்லும்? அது பேட்டரி லைன் என்று சொல்லும். அவன் அதை நம்பி வேலை செய்வான். பிஸ்டன் தேய்ந்தால் புதுசு கிடைக்கும். ஹெட் வளைந்தால் இழைத்துக்கொள்ளலாம். நிறம் கலைந்த ஒயரிங்கை மறுபடி நேராக்க, ஒவ்வொரு ஒயராகக் கையால் நடந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. நல்ல பாடியும் நல்ல எஞ்சினும் உள்ள வண்டிகள் ஒயரிங் குழம்பிப்போனதால் மட்டுமே புதுப்பேட்டைக்கு வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் டப்பாக்களில் இருக்கும் ஒயர் அந்த வண்டிகளுடையதுதான்.

அண்ணே இப்போது இல்லை. அவர் டார்ச் செல் சட்டம் என்னிடம் இருக்கிறது. புதிதாக வரும் பையனுக்கு முதல் மாதம் மீட்டர் கொடுப்பதில்லை, அதைத்தான் கொடுக்கிறேன். நிறங்களையும் ஒப்பிக்கச் சொல்கிறேன், இங்கிலாந்துக் கணக்கு ஒன்று, ஜெர்மன் கணக்கு ஒன்று என இரண்டு வாய்ப்பாடாக.

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் இதைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மாடலுக்கு, உங்கள் வருடத்துக்கு உரிய ஒயரிங் படத்தைத் தேடி ஒரு பிரதி எடுத்து குளோவ் பாக்ஸில் வையுங்கள். எலக்ட்ரீஷியன் எந்த ஒயரை மாற்றினாலும் எந்த இடம், என்ன நிறம், என்ன தேதி என்று அந்தப் படத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். சென்சார் போய்விட்டது என்று யாராவது சொன்னால், வாங்குவதற்கு முன்னால் சென்சார் முனையிலும் கம்ப்யூட்டர் முனையிலும் அளந்து இரண்டு நம்பரையும் காட்டச் சொல்லுங்கள். யாராவது ஊசியை எடுத்து ஒயர் அருகே கொண்டுபோனால், தயவுசெய்து அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.